பொத்தானில் என்ன எழுதுவது? கல்முனைக் கரையோரச் சிறுவணிக இணையத்தளங்கள் குறித்து ஓர் ஆய்வு

கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி பொத்துவிலில் கடலோரம் திரும்பி, அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை எனத் தொடர்ந்து மட்டக்களப்புக்குப் போகிறது. வழிநெடுக வியாபாரம்தான். மருதமுனையில் கைத்தறிச் சாறனும் சேலையும். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் துணி, நகை, அபாயா, தளபாடம், பேக்கரி. தெற்கே அறுகம்பையில் அலைச்சறுக்கு ஆட வருவோருக்கான விடுதிகள். இவற்றில் பலவற்றுக்கு இப்போது பேஸ்புக் பக்கம் இருக்கிறது. சிலவற்றுக்குச் சொந்த இணையத்தளமும் இருக்கிறது. பெரும்பாலும் ஊர் இளைஞர் ஒருவர் ஆயத்த வார்ப்புரு ஒன்றை எடுத்து, கடையின் படங்களைப் போட்டுக் கட்டிக் கொடுத்த தளமாக அது இருக்கும்.

படத்துக்கும் நிறத்துக்கும் நாட்கணக்கில் யோசித்தவர்கள், வாடிக்கையாளர் கடைசியில் விரல் வைக்க வேண்டிய பொத்தானை மட்டும் வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். ‘சப்மிட்’ என்றோ, ‘லேர்ன் மோர்’ என்றோ, ‘ஷொப் நவ்’ என்றோ வார்ப்புருவில் இருந்தது அப்படியே கிடக்கும். தமிழில் மாற்றியவர்களும் ‘சமர்ப்பி’, ‘மேலும் அறிய’ என்று அந்தச் சொல்லையே உருமாற்றி வைத்திருப்பார்கள். ஆனால் ‘ஷொப் நவ்’ என்று இருப்பதை அழுத்தினால் கடை வராது. வட்ஸ்அப் உரையாடல் ஒன்று திறக்கும். ‘சப்மிட்’ என்பதை அழுத்தினால் விபரம் எங்கே போனது, யார் எப்போது பதில் சொல்வார்கள் என்று எதுவும் தெரியாது.

பொத்தானில் எழுத வேண்டியது, அதை அழுத்திய அடுத்த நிமிடத்தில் உண்மையில் என்ன நடக்கும் என்பதைத்தான் என்று நான் நினைக்கிறேன். அதைக் கடையால் நிறைவேற்றவும் முடிய வேண்டும். கவர்ச்சியான சொல், சிவப்பா பச்சையா என்ற விவாதம், அவசரப்படுத்தும் வாசகம் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை. சில வரவே கூடாதவை. உலகில் இதைப் பற்றித் தெரிந்தவற்றையும் நம் கரையின் வியாபார வழக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

பெரிய இடத்துப் பரிசோதனைகள்

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் பரிசோதனை பராக் ஒபாமாவின் 2008 ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத் தளத்தில் நடந்தது. டான் சிரோக்கர் என்பவர் தலைமையில் நான்கு பொத்தான் வாசகங்களையும், படங்களும் காணொளிகளுமாக ஆறு முகப்புகளையும் கலந்து 24 வடிவங்களைச் செய்து, 310,382 பார்வையாளர்களுக்குப் பகிர்ந்து காட்டினார்கள். பழைய வடிவத்தில் 8.26 வீதமானோர் மின்னஞ்சலைப் பதிந்தார்கள். வென்ற வடிவத்தில் 11.6 வீதம். அதில் இருந்தது ஒபாமாவின் குடும்பப் படம். பொத்தானில் ‘பதிவு செய்க’ என்பதற்குப் பதிலாக ‘மேலும் அறிக’. பிரசாரக் குழுவினர் பெரிதும் நம்பியிருந்த காணொளிகள் எல்லாப் படங்களுக்கும் பின்னால் நின்றன.

இதிலிருந்து ‘மேலும் அறிக’தான் மிகச் சிறந்த வாசகம் என்று முடிவு கட்டினால் பாடம் தவறிப்போகும். வந்தவர்கள் இன்னும் உறுப்பினராகும் மனநிலைக்கு வரவில்லை. தெரிந்துகொள்ளும் மனநிலையில்தான் இருந்தார்கள். வாசகம் அவர்கள் நின்ற படிக்கு இறங்கி வந்தது. சாறன் விலை கேட்க வந்தவருக்கும் கேக் ஓடர் கொடுக்க வந்தவருக்கும் அந்தப் படி வேறு வேறு.

அடுத்தது பயன்பாட்டு ஆய்வாளர் ஜெரட் ஸ்பூல் 2009இல் எழுதிய சம்பவம். கடையின் பெயரை அவர் சொல்லவில்லை. பெரிய இணையக் கடை ஒன்றில் பொருளைத் தெரிவு செய்து பணம் கட்டப் போகும் இடத்தில், முதலில் கணக்குத் திறக்கச் சொல்லி ஒரு படிவம் இருந்தது. வந்தவர்கள் எரிச்சலடைந்தார்கள். சாமான் வாங்க வந்தேன், உறவு வைக்க வரவில்லை என்ற பொருளில் ஒருவர் சொல்லியிருக்கிறார். ‘பதிவு செய்க’ என்ற பொத்தானை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று வைத்து, கணக்குத் திறக்க வேண்டிய அவசியமில்லை என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். கொள்வனவு 45 வீதம் ஏறியது. முதல் ஆண்டில் மட்டும் 300 மில்லியன் டொலர் கூடுதல் வருமானம். இங்கே மாறியது ஒரு சொல் மட்டும் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வழியில் கிடந்த ஒரு தடையை அகற்றிவிட்டு, அகற்றியதைச் சொல்லவும் செய்தார்கள்.

மூன்றாவதைக் கூகுள் 2017இல் தன் ஆண்டு மாநாட்டில் சொன்னது. விடுதித் தேடலில் ‘அறை பதிவு செய்க’ என்று இருந்ததை ‘அறை கிடைக்குமா பார்க்க’ என்ற பொருள்பட மாற்றியபோது ஈடுபாடு 17 வீதம் கூடியது. அறுகம்பையில் விடுதி வைத்திருக்கும் எவருக்கும் இது உடனே புரியும். ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை போகும் அலைக்காலத்தில் வெளிநாட்டவர் முதலில் கேட்பது, இந்தத் திகதிக்கு அறை இருக்கிறதா என்பதைத்தான். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பதிவு.

இந்த மூன்றையும் நான் மதிக்கிறேன். ஆனால் இவற்றின் முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இரண்டு வாசகங்களைப் பாதிப் பாதி ஆட்களுக்குக் காட்டி எது வெல்கிறது என்று பார்க்க எவ்வளவு பேர் வேண்டும்? இப்போது நூற்றுக்கு மூன்று பேர் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று வைப்போம். புதிய வாசகம் அதை நான்காக உயர்த்துகிறதா என்று வழக்கமான புள்ளியியல் நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு வாசகத்துக்கும் ஏறக்குறைய 5,300 பார்வையாளர்கள் தேவை. இரண்டுக்கும் சேர்த்து 10,600. நாளொன்றுக்கு 40 பேர் வரும் தளத்துக்கு இது ஒன்பது மாதக் கதை. அந்த ஒன்பது மாதத்துக்குள் நோன்பு வந்து போகும், பெருநாள் வந்து போகும், அலைக்காலம் தொடங்கி முடியும். மாறியது பொத்தானாலா பெருநாளாலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சின்னக் கடைக்காரரிடம் இந்தப் பரிசோதனைக் கருவியை மாதச் சந்தாவுக்கு விற்க வருபவர்களிடம் இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கை குறைவான இடத்தில் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். உம்மா ஒருவர், ஓட்டோ ஓட்டுபவர், பாடசாலை ஆசிரியை, கட்டாரில் இருந்து விடுமுறைக்கு வந்தவர், பல்கலைக்கழக மாணவி என்று ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து, ‘இதை அழுத்தினா என்ன நடக்கும் எண்டு நினைக்கிறீங்க?’ என்று மட்டும் கேட்டால் போதும். அவர்கள் சொல்வதும் நடப்பதும் ஒன்றாக இல்லையென்றால் வாசகம் பிழை.

நம் கரையில் வாடிக்கையாளர் நிற்கும் இடம்

இந்தக் கரையில் இணையத்தின் வழி வாங்கும் ஒருவர் நேரே பணம் கட்டுவது குறைவு. முதலில் கேட்பார். ‘ஸ்டொக் இரிக்கா?’, ‘என்ன விலை?’, ‘கூரியருக்கு எவ்வளவு?’, ‘எத்தனை நாள்ல வரும்?’ பதில் திருப்தியென்றால் வங்கிக் கணக்கு இலக்கம் கேட்பார். காசு போட்டு, அந்தச் சிலிப்பைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். இல்லையென்றால் பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கிறேன் என்பார். லங்கா கியூஆர் கட்டண முறை 2018இலேயே வந்துவிட்டது. 2022 நெருக்கடியில் எரிபொருளுக்கான கியூஆர் அட்டை நாட்டையே அந்தச் சதுரத்துக்குப் பழக்கியும் விட்டது. அப்படியிருந்தும், தெரியாத தளத்தில் அட்டை இலக்கத்தைப் பதிய இங்கே இன்னும் தயக்கம்தான். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

ஆகவே ‘இப்போதே பணம் செலுத்துங்கள்’ என்ற பொத்தான் இங்குள்ள பெரும்பாலான கடைகளில் நடக்காத ஒன்றைச் சொல்கிறது. நடப்பது ஓர் உரையாடல். அப்படியானால் பொத்தான் அந்த உரையாடலைத்தான் பெயர் சொல்ல வேண்டும்: ‘வட்ஸ்அப்பில் ஸ்டொக் கேட்க’. வட்ஸ்அப் தரும் நேரடித் தொடுப்பில் கடையின் இலக்கத்தை, முன்னால் உள்ள பூச்சியத்தை நீக்கி 94 சேர்த்துப் போட்டால், வாடிக்கையாளர் இலக்கத்தைச் சேமிக்காமலே உரையாடல் திறக்கும். பூச்சியத்தை எடுக்க மறந்தால் தொடுப்பு வேலை செய்யாது. கட்டாரிலிருந்து அழுத்தும் மகனுக்கும் அழைப்புப் பொத்தான் வேலை செய்ய, அதன் இலக்கத்திலும் 94 வேண்டும்.

அந்தத் தொடுப்பில் முன்கூட்டியே ஒரு செய்தியையும் எழுதி வைக்கலாம். இதை நம் கடைகள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. பத்துச் சாறன் படம் உள்ள பக்கத்தில் ஒன்றின் கீழ் உள்ள பொத்தானை அழுத்தினால், ‘சாறன் இலக்கம் 14, நீலக் கட்டம், மூட்டியது. இருக்கிறதா?’ என்ற வரி தானாக வர வேண்டும். இல்லையென்றால் அவர் ‘ஹாய்’ என்பார், கடைக்காரர் ‘சொல்லுங்க’ என்பார், அவர் திரை நகலொன்றைத் தேடி அனுப்புவார், இதற்கிடையில் தொழுகைக்கு நேரமாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் செய்தியின் தொடக்கத்தில் சிலர் அன்போடு ஸலாத்தையும் எழுதி வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் செய்தி வாடிக்கையாளரின் வாயிலிருந்து போவது. காரைதீவிலிருந்தோ பாண்டிருப்பிலிருந்தோ எழுதும் தமிழ்ச் சகோதரி ஒருவர் தன் பெயரில் அதை அனுப்ப வேண்டியிருக்கும், அல்லது அழித்துவிட்டு எழுத வேண்டியிருக்கும். ஸலாமோ வணக்கமோ கடையின் பதிலில் வரட்டும். வாடிக்கையாளரின் செய்தியில் பொருளின் பெயரும் இலக்கமும் மட்டும் இருக்கட்டும்.

விலை விடயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ‘விலைக்கு இன்பொக்ஸ் வாங்க’ என்று எழுதும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர் எப்படியும் ஆள் வைத்துக் கேட்டு அறிந்துவிடுவார். மறைத்ததால் போவது, கையில் உள்ள காசை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டியவர். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படும் மனிதர்கள் நம்மிடையே அதிகம். அவர்கள் கேட்கவே மாட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கடைகளில் விலையைக் காட்சிப்படுத்தச் சொல்கிறது. நேர்க் கடையில் ஒட்டும் விலையைத் தளத்தில் ஒளிப்பதில் என்ன அர்த்தம்? விலை படத்தின் கீழேயே இருந்தால், பொத்தானுக்கு ‘விலை கேட்க’ என்ற சுமை இல்லை. அது நேரே ‘இந்தச் சாறனை எடுக்க’ என்று சொல்லலாம்.

தளத்துக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே ஆள் இல்லை என்பதும் உண்டு. ஊரில் இருப்பவர் தனக்கு எடுக்கிறார். ரியாத்திலோ தோகாவிலோ இருப்பவர், சாய்ந்தமருதில் உள்ள வாப்பாவுக்குச் சாறனும் தங்கச்சிக்குக் கேக்கும் அனுப்பப் பார்க்கிறார். காசு கட்டுபவர் ஓரிடம், பொருள் போகும் முகவரி இன்னோரிடம். ‘ஓடர் கொடுக்க’ என்ற ஒரே பொத்தானுக்குள் இருவரையும் தள்ளினால், இரண்டாமவரிடம் அவருடைய வெளிநாட்டு முகவரியைக் கேட்டுக் குழப்புவோம். ‘ஊரிலுள்ள வீட்டுக்கு அனுப்ப’ என்று இரண்டாவது பொத்தான் ஒன்று இருந்தால், யாருக்கு, எந்த ஊர், எந்த நாள் என்று சரியான கேள்வியிலிருந்து பேச்சு தொடங்கும். இப்படி ஒரு பொத்தானை எந்த வார்ப்புருவும் தராது. நம் ஊர் வாழ்க்கையைத் தெரிந்தவர்தான் அதை எழுத முடியும்.

தமிழில் எழுதும்போது

ஆங்கிலப் பொத்தான்கள் பெரும்பாலும் ஏவல். அதைத் தமிழில் கொண்டுவர முயலும்போது மூன்று வழியில் போகிறோம். ‘பெறு’, ‘சமர்ப்பி’ என்றால் மரியாதைக் குறைவு. ‘சமர்ப்பிக்கவும்’ என்றால் கச்சேரிப் படிவம் போல் ஆகிவிடும். ‘பெற்றுக்கொள்ளுங்கள்’ என்றால் பொத்தானில் இடம் போதாது. ஆனால் நம் கடைப்பலகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இதற்கு நல்ல வழக்கு ஏற்கனவே இருக்கிறது: ‘விபரம் அறிய’, ‘தொடர்பு கொள்ள’, ‘ஓடர் கொடுக்க’. இந்த எச்ச வடிவம் யாரையும் ஏவுவதில்லை. வந்தவர் செய்ய விரும்புவதை அவர் பக்கத்தில் நின்று சொல்கிறது. மரியாதைச் சிக்கல் இல்லை, சுருக்கமாகவும் இருக்கிறது. ‘அளவு பார்க்க’, ‘அறை இருக்கா பார்க்க’, ‘கேக் ஓடர் கொடுக்க’, ‘கடைக்கு வழி பார்க்க’ என்று எத்தனையும் எழுதலாம். என்னைக் கேட்டால் தமிழ்ப் பொத்தானுக்கு இயல்பான வடிவம் இதுதான். ஒரு விலக்கு மட்டும்: ‘வாங்க’ என்று தனியே எழுதினால் ‘வாருங்கள்’ என்று படிக்கப்படும். துணி விடயத்தில் நம்மவர்கள் எப்படியும் ‘எடுக்க’ என்றுதான் சொல்வார்கள். பெருநாளைக்கு உடுப்பு எடுப்பதுதானே வழக்கம்.

வினை கடைசியில் வருவது தமிழின் இயல்பு. பொத்தானில் அதனால் ஒரு தொல்லை உண்டு. சின்னத் திரையில் இடம் போதாதபோது பல வார்ப்புருக்கள் வாசகத்தின் வாலை வெட்டி மூன்று புள்ளி போட்டுவிடும். ஆங்கிலத்தில் அறுவது பொருளின் பெயர்; என்ன செய்ய வேண்டும் என்பது மிஞ்சிவிடும். தமிழில் அறுந்து போவது வினையே. ‘வட்ஸ்அப்பில் விலை…’ என்று நின்றால் கேட்கவா பார்க்கவா என்று தெரியாது. ஆகவே தளம் கட்டுபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது: வாசகத்தை வெட்டாதீர்கள்; இரண்டு வரியாக மடியட்டும், பொத்தான் உயரட்டும். மூன்று சொல்லுக்குள் நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது.

எழுத்துருவிலும் அதே கவனம் வேண்டும். ஆங்கிலத்துக்காகச் செய்த வார்ப்புருக்களில் பொத்தான் எழுத்துகளுக்கிடையே சற்று இடைவெளி விட்டிருப்பார்கள். தமிழில் அது ‘கொ’வின் கொம்பையும் காலையும் உடலிலிருந்து பிரித்துவிடலாம். வரி உயரம் குறைவாக இருந்தால் ‘கி’யின் மேல்வளைவும் ‘கூ’வின் கீழ்ச்சுழியும் அறுபடும். இடைவெளியைப் பூச்சியமாக்கி, வரி உயரத்தைக் கூட்டி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவைத் தளத்தோடு ஏற்றிவைத்தால் தீரும். பொத்தானையே படமாகச் செய்து ஒட்டுவது ஆகாது. மாற்று வாசகம் சேர்க்காவிட்டால் பார்வையற்றவரின் கைபேசி அதைப் படித்துச் சொல்லாது.

மொழித் தெரிவில் கடைக்காரரின் உண்மையான திறமைதான் அளவுகோல். கரையூர்களுக்குத் தமிழ், அறுகம்பைக்கு ஆங்கிலம், அம்பாறை நகரிலிருந்தும் உட்புறக் கிராமங்களிலிருந்தும் வரும் வாடிக்கையாளருக்குச் சிங்களம். நம் வியாபாரிகள் பலர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், எழுத வராது. அப்படியானால் சிங்களப் பக்கத்தில் வட்ஸ்அப் பொத்தான் வைக்காமல் அழைப்புப் பொத்தான் வைக்க வேண்டும். எழுதி வரும் சிங்களக் கேள்விக்கு இரண்டு நாள் பதில் இல்லாமல் கிடப்பதைவிட, பேசி முடிப்பது இரு தரப்புக்கும் நல்லது.

அழுத்தினால் உடன்பாடா?

பொத்தான் சில இடங்களில் வெறும் வழிகாட்டி. சில இடங்களில் ஒப்பந்தத்தின் வாசல். இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்வழியில் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாது போகாது. இஸ்லாமிய வணிகச் சட்டமும் ஈஜாப், கபூல் என்று முன்வைத்தலையும் ஏற்றலையும் தெளிவாகப் பிரிக்கிறது. ஆகவே ‘ஓடரை உறுதி செய்ய’ என்ற பொத்தானும் ‘ஸ்டொக் கேட்க’ என்ற பொத்தானும் ஒரே நிறத்தில், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. முதலாவதை அழுத்துபவருக்கு, மொத்தத் தொகை எவ்வளவு, கூரியர் உட்படவா, பிடிக்காவிட்டால் மாற்றித் தருவீர்களா என்பது பொத்தானுக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

இந்தக் கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். கண்ணால் காணாத பொருளை விற்பது பற்றி அதில் கண்டிப்பு அதிகம். விலையை முழுதாக முன்கூட்டியே கொடுத்து, வகை, தரம், அளவு, ஒப்படைக்கும் நாள் எல்லாம் தெளிவாகச் சொல்லப்பட்ட பொருளைப் பின்னர் பெறும் ஸலம் என்ற முறைக்கு இடமுண்டு. எந்தத் தளத்தின் எந்த விற்பனை எதில் அடங்கும் என்பது உலமாக்கள் சொல்ல வேண்டியது. தளத்துக்கு எழுதுபவர் செய்யக்கூடியது ஒன்று: மருதமுனைச் சாறனென்றால் நீளம், அகலம், நூலின் வகை, மூட்டியதா மூட்டாததா, சாயம் போகுமா என்பதைப் பொத்தானுக்கு மேலே எழுதிவிடுவது. தவணைக் கட்டணப் பொத்தான்களும் இப்போது வந்துவிட்டன. ‘மூன்று தவணையில் எடுக்க’ என்று வைத்தால், வட்டியோ தாமதக் கட்டணமோ உண்டா என்பதை அதே வரியில் சொல்லாமல் விடுவது, வட்டியை அஞ்சி வாழும் ஒரு சமூகத்தின் முன் செய்யும் பெரிய அநியாயம்.

அவசரப்படுத்தும் வாசகங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ‘இன்னும் 2 மட்டுமே’, ‘சலுகை முடிய 10 நிமிடம்’ என்று ஓடும் கடிகாரங்கள் வார்ப்புருவோடு இலவசமாக வருகின்றன. பக்கத்தைத் திரும்பத் திறந்தால் பத்து நிமிடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். வாடிக்கையாளரை ஏமாற்றும் இத்தகைய வடிவமைப்புகளுக்கு ஹரி பிரிக்நல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் ஒரு பெயர் கொடுத்துத் தொகுக்கத் தொடங்கினார். 2019இல் ஐக்கிய இராச்சியத்தின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை, புக்கிங் டொட் கொம் உள்ளிட்ட விடுதிப் பதிவுத் தளங்களிடமிருந்து இத்தகைய அழுத்தங்களை நிறுத்தும் உறுதிமொழிகளைப் பெற்றது. இந்தியா 2023 நவம்பரில் 13 வகை ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. பொய் அவசரமும், வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைக்கும் வாசகமும் அதில் உண்டு.

நமக்கு இது லண்டனிலிருந்தோ டில்லியிலிருந்தோ வர வேண்டியதில்லை. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரைத் தூண்டும் நஜஷ் தடுக்கப்பட்டது என்பது இங்கே மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகளார் கைவிட்டுப் பார்க்க, அடியில் ஈரம் தட்டிய சம்பவத்தை வெள்ளிக்கிழமை பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இல்லாத தட்டுப்பாட்டைத் தளத்தில் எழுதுவது அதே குவியல்தான். உண்மையிலேயே இரண்டு சாறன்தான் மிச்சமென்றால் தாராளமாக எழுதலாம். மூன்றாமவர் கேட்கும்போது அந்த வரி போயிருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள்

கேக், அபாயா, தையல், மருதாணி என்று வீட்டிலிருந்தே வியாபாரம் நடத்தும் பெண்கள் இந்த ஊர்களில் நிறையப் பேர். ‘அழைக்க’ என்ற பொத்தான் அவர்களுக்குப் பல வேளை தொல்லையாகிவிடுகிறது. நேரங்கெட்ட நேரத்தில் வேண்டாத அழைப்புகள். அவர்களுக்கு அழைப்புப் பொத்தான் வேண்டாம். 2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியைத் தனி இலக்கத்தில் வைத்து, ‘செய்தி அனுப்ப’ என்ற ஒரே பொத்தானும், பதில் தரும் நேரமும் போதும். வாங்குபவரும் பெரும்பாலும் பெண். அபாயா அளவெடுக்கும் படிவத்தில் பிறந்த திகதியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டு ‘சப்மிட்’ வைப்பது எதற்கு? தேவைக்கு மேல் விபரம் சேர்க்கக் கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. தோள், கை, உயரம், முகவரி. அவ்வளவுதான் தேவை.

பொத்தானின் அளவும் நிறமும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆப்பிள் 44 அலகும், அண்ட்ரொய்ட் 48 அலகும் விரல் படும் இடத்துக்குப் பரிந்துரைக்கின்றன. பின்னது திரையில் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்பது இணைய அணுகல் தரம். கல்முனை வெயிலில் கடைவாசலில் நின்று திரையைப் பார்ப்பவருக்கு அதைவிடக் கூட வேண்டும். வெளிர் பொன்னில் வெள்ளை எழுத்து நகைக்கடைப் பலகைக்கு அழகு, பொத்தானுக்கு இல்லை.

அழுத்திய பிறகு

பொத்தானுக்குக் கீழே ஒரு சின்ன வரி எழுதும் பழக்கம் நம்மிடையே வர வேண்டும். ‘காலை 9 முதல் இரவு 8 வரை பதில். வெள்ளி ஜும்ஆ நேரத்தில் தாமதமாகும்.’ நோன்பு மாதத்தில் அந்த வரி மாற வேண்டும். அப்போது வாடிக்கையாளர் விழித்திருப்பது தராவீஹ்க்குப் பிறகு, பகலில் கடையும் மந்தம். பதில் எப்போது வரும் என்று தெரிந்தவர் காத்திருப்பார். தெரியாதவர் அதே செய்தியை இன்னும் மூன்று கடைக்கு அனுப்புவார்.

பொருள் வந்ததும் காசு என்ற முறையில் இன்னொரு வரியும் தேவை. பார்சல் போய்த் திரும்பினால் கூரியர் செலவு பெரும்பாலும் கடையின் தலையில்தான் விழுகிறது. ‘ஓடர் கொடுக்க’ என்று மட்டும் இருந்தால் விளையாட்டாய் அழுத்துபவர்களும் உண்டு. ‘ஓடர் கொடுக்க, உறுதி செய்ய நாங்கள் அழைப்போம்’ என்று எழுதி, அந்த அழைப்பை உண்மையிலேயே எடுத்தால், திரும்பி வரும் பார்சல் குறையும் என்பதை வியாபாரிகள் தாமே கண்டிருப்பார்கள்.

எது வேலை செய்கிறது என்று அறிய, வரும் வட்ஸ்அப் செய்திகளில் வாடிக்கையாளரின் முதல் கேள்வியை ஒரு கொப்பியில் குறித்து வரலாம். பத்தில் ஆறு பேர் விலை கேட்டால் விலை சரியான இடத்தில் இல்லை. பத்தில் ஐந்து பேர் ‘கடை எங்க?’ என்றால் வழி காட்டும் பொத்தான் மறைந்து கிடக்கிறது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதென்றால் பொத்தானின் அடுத்த வாசகத்தை வாடிக்கையாளரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கேட்ட சொல்லிலேயே எடுத்துப் போடலாம்.

பெருநாளுக்கு முந்தைய இரண்டு வாரம் தையல் கடைகளுக்கும் கேக் செய்யும் வீடுகளுக்கும் கை நிறைந்துவிடும். அப்போதும் தளத்தில் ‘ஓடர் கொடுக்க’ என்று எரிந்துகொண்டே இருக்கும். உள்ளே வந்தவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டிவரும், சொல்ல மனமில்லாமல் ஏற்றுக்கொண்டால் பெருநாள் காலையில் ஒரு பிள்ளை புது உடுப்பில்லாமல் நிற்கும். ஏற்கக்கூடிய கடைசி உடுப்பை ஏற்ற அன்றைக்கே பொத்தானை மாற்றிவிட வேண்டும்: ‘பெருநாள் தையல் முடிந்தது. தைத்த உடுப்புப் பார்க்க’.